கடலாடித் திராட்சை

காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்க தாயி. கீழ செடி இருக்கு. பெயிண்ட் டப்பாதான், ஒண்ணும் கொட்டாது. மிச்சம் இருக்கிறதே ரெண்டு இலை, அதுவும் உன் சேலைல உரசி உதுந்துச்சுன்னா நான் கம்பத்துல போய் எதைக் காட்டுறது? மடியில வச்சுக்கலாம்னு பாத்தா கண்டக்டர் மொறைக்கிறான். ஆட்டுக்குட்டிக்கு டிக்கெட் போடுறவன் செடிக்கும் போட்டாலும் போடுவான்.

நீ எங்க எறங்கணும்? சின்னமனூரா? நல்லதாப் போச்சு. ஆரப்பாளையத்துல இருந்து நீ செல்லை நோண்டிக்கிட்டு வர்றே, நானும் வாயை மூடிக்கிட்டு வர்றேன். எனக்கு இது பழக்கம் இல்ல தாயி. வாயை மூடினா எனக்கு வயித்தை வலிக்கும்.

என்ன செடியா? திராட்சை. சிரிக்காத. திராட்சை வெளையுற கம்பத்துக்கே திராட்சைக் கொடி கொண்டு போறாளே, இந்தக் கிறுக்கச்சி யாருன்னுதான நெனைக்கிறே? நெனைச்சுக்க. எனக்கே வெக்கமாத்தான் இருக்கு. அதான் மேல துண்டைப் போட்டு மூடி வச்சிருக்கேன்.

எம் பேரு பூமயிலு. ஊரு கடலாடிப் பக்கம். ராமநாதபுரம் ஜில்லா. வந்திருக்கியா? ஏன் வரப்போறே. எங்க ஊருக்கு யாரும் வரமாட்டாக, பொண்ணு கட்டிக் குடுத்த பாவத்துக்கு வந்தாத்தான் உண்டு. போர் போட்டா உப்பு. அந்தத் தண்ணில சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, தலைக்கு ஊத்தினா முடி தேங்கா நாராப் போகும். நல்ல தண்ணி வண்டில வரும், வந்தா தெருவே சண்டை போடும். சித்திரை வெயில்ல வாசல்ல அரிசியப் போட்டா பொரிஞ்சிரும். சரி வெயில்தான் முடிஞ்சுதேன்னு பாத்தா ஆடியில கச்சான் காத்து வந்து மண்ணை வாரி வாயில போடும். மழை பெய்யாத ஊர்ல எம் மகனுக்குக் கார்மேகம்னு பேரு வச்சேன். பேரைக் கேட்டாச்சும் வருதான்னு பாப்போமேன்னுதான். வரல.

அந்த ஊர்லதான் தாயி நான் தோட்டம் போட்டேன். சும்மா இல்ல, கத்திரி, பாகல், பூசணி, மிளகா எல்லாம். கடையில காய் வாங்கி வருசக்கணக்காச்சு.

எப்படின்னு கேளு. சொல்றேன், உங்க ஊருக்கு இதெல்லாம் தேவைப்படாது, நீங்க கொட்டையைத் துப்பினாலே மரமாகும். எங்களுக்கு அப்படி இல்ல. இடுப்பளவு குழி எடுக்கணும். அடியில தேங்கா மட்டைய மல்லாக்க அடுக்கணும், அது தண்ணியப் பிடிச்சு வச்சுக்கும். அதுமேல ஆட்டுப் புழுக்கை, கொளுஞ்சித் தழை, கண்மாய்ல வெட்டின கரம்பை மண்ணு. குழி நடுவுல ஒரு மண்பானையக் கழுத்து வரைக்கும் புதைச்சு, நல்ல தண்ணிய ஊத்தி, மேல ஒரு ஓட்டுச் சில்லை வச்சு மூடிரணும். பானையில கசியிற தண்ணியத் தேடி வேரு தானா வரும். கச்சானுக்குப் பனை ஓலைத் தட்டி. வெயிலுக்குச் சேலைப் பந்தல். என் கல்யாணப் பட்டுச் சேலையவே கத்திரிக்காய்க்குக் கட்டினேன். அவுக இருந்தப்ப அதைக் கட்டிக்கிட்டு நான் எங்க போனேன்? கத்திரிக்காயாவது அனுபவிக்கட்டும்.

அவுகன்னா எங்க வீட்டுக்காரக. போய்ச் சேந்துட்டாக. இருந்தவரைக்கும் ஒரு குடம் தண்ணி தூக்கினதில்ல. அதனால அவுக செருப்பைத்தான் பூசணிக் கொடியில திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிட்டிருக்கேன். இப்பவாச்சும் தோட்டத்துக்கு ஒரு வேலை செய்யட்டும்.

தண்ணி விசயத்துல என்னை யாரும் ஏமாத்த முடியாது. ஒரு சொட்டு நாக்குல வச்சா எந்தத் தெருப் போருன்னு சொல்லிருவேன். தண்ணி வண்டிக்காரன் என்னைக் கண்டா பயப்படுவான். ஒருநாள் போர் தண்ணியக் கலந்து கொண்டாந்துட்டு, காவேரித் தண்ணின்னு சத்தியம் பண்ணினான். அவன் வாயிலயே ஒரு செம்பு ஊத்திவிட்டேன்.

இப்படி இருக்கையில எம் மகன் மதுரைக்குப் பரீட்சைக்குப் படிக்கப் போனான். பரீட்சைலயும் தேறினான், கூடப் படிச்ச கம்பத்துப் புள்ளையையும் சேத்துத் தேத்திக்கிட்டு வந்தான். பிருந்தான்னு பேரு. தாலுகாபீஸ்ல அவனுக்கு வேலையும் கிடைச்சிருச்சு, இனி நம்ம என்ன சொல்றது? சரின்னேன்.

வீடு பாக்க வந்தா அவ அம்மாக்காரி. செல்வநாயகி. காருல இருந்து ஒரு காலை எடுத்து வெளிய வச்சுட்டு உடனே உள்ள இழுத்துக்கிட்டா, தரை சுட்டிருச்சாம். முந்தானையால விசிறிக்கிட்டே தோட்டத்தைப் பாத்தா. நான் அன்னைக்குப் பறிச்ச கத்திரிக்காயைத் தட்டுல வச்சுக் குடுத்தேன். வாங்கிக்கிட்டு என்ன கேட்டா தெரியுமா? "ஏங்க, உங்க ஊர்ல கருவேலத்தைத் தவிர வேற எதுவும் வருங்களா?" கத்திரிக்காயைக் கையில வச்சுக்கிட்டே கேக்குறா. சம்பந்தம் பேச வந்த இடத்துல என்னத்தைச் சொல்றது? மனசுல மட்டும் நாலு சொன்னேன்.

அதோட விட்டாளா? கல்யாணத்துச் சீர்ல பாத்திரம் பண்டத்தோட ரெண்டு சாமான் கூட வந்துச்சு. ஒண்ணு ஏசி. அவ மக வெக்கை தாங்கமாட்டாளாம். ரெண்டாவது ஒரு திராட்சைக் குச்சி. ஆமா தாயி, தாம்பூலத் தட்டுல ஈரச் சாக்கு சுத்தி ஒரு குச்சி. அத்தனை சனத்துக்கு முன்னாடி என் கையில குடுத்துச் சொல்றா: "எங்க பந்தல்ல வெட்டினது. உங்க மண்ணுல பிடிச்சாப் பிடிக்கட்டும். பிடிக்கலைன்னா மனசு கஷ்டப்படாதீங்க சம்பந்தி, அது உங்க தப்பில்ல."

உங்க தப்பில்லையாம். அந்த ஒத்தைச் சொல்லு இன்னும் நெஞ்சுல கெடக்கு.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? அந்தக் குச்சியக் கொண்டுபோய் மேக்குச் சுவத்துக்கு அடியில நட்டேன். வீட்லயே கேடுகெட்ட இடம் அதுதான். உப்புப் பூத்து மண்ணு வெள்ளையாக் கெடக்கும், மத்தியான வெயில் பூராவும் அங்கதான் விழும். மட்டை கிடையாது, பானை கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஒரு வாரத்துல சாகட்டும், உங்க குச்சி சொத்தைன்னு சொல்லி அனுப்புவோம்னுதான். பிருந்தா பின்னாலயே வந்து, நானும் ஒரு கை மண்ணு போடுறேன் அத்தைன்னா. போடும்மா, கடைசி மண்ணுதானன்னு நெனைச்சுக்கிட்டேன்.

அந்தச் சுவத்துக்கு உள்பக்கந்தான் மகனும் மருமகளும் படுக்குற ரூம். மறுநாளே ஆளு வந்து ஏசிய மாட்டிட்டான். மாட்டினானா, ஒரு குழாயை வெளிய விட்டுட்டுப் போயிட்டான். அதுல இருந்து ராவும் பகலும் சொட்டு, சொட்டு, சொட்டு. சளி பிடிச்ச புள்ளை மூக்கு மாதிரி. சுவரெல்லாம் பாசி. கட்டின வீடு கரையுதேன்னு எனக்கு வயிறு எரியுது. கேஸ் தண்ணி வேற அது. மிஷினுக்குள்ள கேஸுதான அடைக்கிறான்? கையில பட்டாச் சொறி வரும்னு எனக்குத் தெரியும். அதனால துணியச் சுத்திக்கிட்டு அந்தக் குழாயை இழுத்து, சுவத்துல படாம, திராட்சைக் குச்சிக்கு ஊனியிருந்த கம்புல ஒரு கயித்தால இறுக்கிக் கட்டிட்டேன். சாகப்போற செடிதான, அது மேல சொட்டட்டும். எப்படி யோசனை?

கேளு. அந்தக் குச்சி துளிர்த்துருச்சு.

நான் ஒரு செம்பு தண்ணி ஊத்தல தாயி. சத்தியமா ஊத்தல. அதுபாட்டுக்கு ஏறுது. கம்பைத் தாண்டி ஜன்னலுக்குப் போச்சு, ஜன்னலைத் தாண்டி சன்ஷேடுக்குப் போச்சு. பானை வச்ச பாகல்கூட சித்திரையில சுருண்டுச்சு, இது சுருளல. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது, என் கைராசி அப்படின்னு. கொல்றதுக்காக நட்டாலும் பிழைச்சுக்குது பாரு. மறு வருசம் காய்ச்சுது. கடலாடிப் பக்கத்துல திராட்சை. சனம் பஸ் ஏறி வந்து பாத்துச்சு. பக்கத்து வீட்டு மைமூன் நோன்பு திறக்க எங்க வீட்டுத் திராட்சையத்தான் வாங்கிட்டுப் போனா. நாலஞ்சு வீட்ல என்னைக் கூப்பிட்டு, அக்கா உங்க கையால ஒரு கறிவேப்பிலை நட்டுக் குடுங்கன்னாக. நட்டுக் குடுத்தேன். எல்லாம் காஞ்சிருச்சு. அது அவுக மண்ணுக் கோளாறு, அதுக்கு நான் என்ன செய்ய?

முதல் கொத்தை டப்பாவுல போட்டுக் கம்பத்துக்கு அனுப்பினேன். செல்வநாயகி போன்ல, "இனிப்புக் கொஞ்சம் கம்மிதான், ஆனாலும் பரவாயில்லை"ன்னா. கொத்துல ஒத்தைப் பழம் மிச்சம் வைக்காம அவளே தின்னுட்டான்னு பிருந்தா ரகசியமா எங்கிட்டச் சொல்லிட்டா. அந்தப் புள்ளைக்கு மனசுல ஒண்ணும் நிக்காது.

நல்ல புள்ளதான் தாயி. குறை சொல்லக் கூடாது. சோம்பேறி, அவ்வளவுதான். உண்டாயிருந்தப்போ பகல் முச்சூடும் ஏசிய ஓடவிட்டுப் படுத்துக் கெடப்பா. படுத்த வாக்குலயே ஜன்னல் கம்பி வழியாக் கையை விட்டுத் திராட்சையப் பறிச்சு வாயில போட்டுக்குவா. அத்தை, வெளிய என்ன செய்றீங்க, உள்ள வந்து படுங்க, ஜில்லுன்னு இருக்குன்னு கூப்பிடுவா. எனக்கெதுக்கு அந்தச் சொகுசு? ஒரே ஒரு நாள் போனேன். மிஷின் ஒழுங்கா ஓடுதான்னு பாக்கத்தான் போனேன். எந்திரிச்சுப் பாத்தா விளக்கு வைக்கிற நேரம். எம்மேல போர்வை போத்திவிட்டு, அவ கீழ உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டு இருக்கா. என்னை யாரும் போத்திவிட்டதில்ல தாயி. எங்க ஊர்ல போர்வைக்கு ஏது வேலை?

சரி, அதை விடு. சண்டை எதுக்குன்னா அந்த மிஷினாலதான். ராத்திரி போடு, வேண்டாங்கல. பகலெல்லாமா? மீட்டர் பேய் பிடிச்ச மாதிரிச் சுத்துது. ஒருநாள் மத்தியானம் நான் மெயினை அணைச்சுட்டேன். கொலையா பண்ணினேன்? மிஷினுக்கும் ஓய்வு வேணும்ல? கரண்டு போயிருச்சுன்னு சொன்னேன். அவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்தா. வேர்த்து ஊத்துது. மைமூன் வீட்ல மிக்சி ஓடுற சத்தம் கேக்குது. அந்தப் பக்கம் பாத்தா, என்னைப் பாத்தா. போய் வேப்பமரத்தடியில உக்காந்துட்டா. ரெண்டு வார்த்தை திட்டியிருந்தா நானும் ரெண்டு திட்டிட்டு ஓஞ்சிருப்பேன். திட்டாம இருந்தா எப்படிச் சமாதானம் ஆகுறது?

மறு வாரமே செல்வநாயகி காரோட வந்துட்டா. வளைகாப்பைக் கம்பத்துலயே வச்சுக்கிறோம்னா. மாப்பிள்ளை வீட்ல செய்ய வேண்டியதை அவ வீட்ல செய்றாளாம். நான் போகல. போவேனா? பேத்தி பிறந்தா, அப்பவும் போகல. பேரு வச்சாக, அதுக்கும் போகல. எம் மகன் லீவு கிடைக்கிறப்பல்லாம் ஓடுறான், நான் போன்லதான் பேத்தியப் பாக்குறேன். மூக்கு எங்க வீட்டு மூக்கு. அதைச் சொன்னா செல்வநாயகி ஒத்துக்கமாட்டா.

இப்ப அஞ்சாம் மாசம். எங்க பக்கத்து வழக்கப்படி மாமியார் போய்த்தான் தாயையும் புள்ளையையும் கூட்டிட்டு வரணும். போன்ல ஒரு வார்த்தை கேட்டேன். "அந்த உலையில எம் பேத்தியப் போடமாட்டேன் சம்பந்தி, ஒரு செடிக்கே ஆகாத ஊரு"ன்னுட்டா. எம் பயலும் கம்பத்துப் பக்கம் உத்தமபாளையத்துக்கு மாறுதல் கேட்டு எழுதிப் போட்டிருக்கான். எங்கிட்டச் சொல்லல, மைமூன் மகன் சொல்லித்தான் தெரியும். அப்போ நான் மட்டும் அந்த வீட்ல பூசணியோடயும் அவுக செருப்போடயும் கெடக்கணும்.

செல்வநாயகி ஒரு செடிக்கே ஆகாதுன்னு சொன்னதுலயும் தப்பில்ல. அதான் எனக்குத் தாங்கல. பிருந்தா போனதுல இருந்து கொடி வாட ஆரம்பிச்சிருச்சு. ஒரு ஆம்பளைக்கு எதுக்கு ஏசி, மொட்டை மாடில படுடான்னு மகனை விரட்டிட்டு, மிஷினுக்கு ஒரு போர்வையப் போத்தி மூடிட்டேன். வீடு அமைதியாச்சு. சொட்டுச் சத்தம்கூட இல்ல. கொடி மட்டும் ஓரமெல்லாம் கருகுது. ஒருநாளும் தண்ணி கேக்காத செடி, கேட்டு நிக்குது. வாளி வாளியாப் போர் தண்ணி ஊத்தினேன். நல்ல தண்ணி மனுசருக்கே இல்ல, அதுக்கு எங்க போறது? ஊத்த ஊத்தக் கருகுது. கடைசியில மைமூன்தான் சொன்னா: "கொடி அந்தப் புள்ளைக் கைராசியில வந்தது பூமயிலு. அது போச்சு, இதுவும் போகுது."

ரெண்டு நாள் மைமூன் கூடப் பேசல. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். அன்னைக்கு ஒரு கை மண்ணு போட்டது பிருந்தாதான? நான் நட்ட கறிவேப்பிலை எல்லாம் காஞ்சதும் நெசந்தான? அதான் உசிரு இருக்கிற ஒரு கொப்பை வெட்டி டப்பாவுல நட்டுத் தூக்கிட்டு வந்துட்டேன். அவ முன்னாடி வச்சு, ஒரு கை மண்ணு போடு தாயின்னு சொல்லுவேன். உன் கை இல்லாம வராது, வந்துருன்னு சொல்லுவேன். செடிக்காகத்தான் கூப்பிடுறேன், எனக்காக இல்ல. செல்வநாயகி சிரிப்பா. அவ குடுத்த குச்சி அவ வாசலுக்கே பிச்சைக்கு வந்திருக்குன்னு ஊரைக் கூட்டிச் சிரிப்பா. சிரிச்சுட்டுப் போறா.

என்ன பாக்குறே? என்னமோ சொல்ல வந்துட்டு முழுங்குறே. சொல்லு. நான் இம்புட்டுச் சொல்லியிருக்கேன்ல.

எந்தத் தண்ணி?

ஏசி தண்ணியா? அதுல கேஸு இல்லையா? காத்துல இருக்கிற ஈரமா? அப்போ அது மழைத் தண்ணி மாதிரின்னா சொல்றே? உப்பே கிடையாதா? உங்க வீட்ல இன்வெர்ட்டர் பேட்டரிக்கே அதைத்தான் பிடிச்சு ஊத்துறீகளா? உங்க வீட்டு மல்லிக்கும் அதுதானா?

இரு. கொஞ்சம் இரு தாயி.

நான் அதை நாக்குல வச்சுப் பாக்கலையே.

ஊருத் தண்ணி எல்லாம் நாக்குல வச்சவ. குழாயை என் கையாலதான கம்புல கட்டினேன். ரெண்டு வருசம் என் வீட்டுச் சுவத்துலயே நல்ல தண்ணி ஊறியிருக்கு. நான் தெருவுல குடத்தை வச்சுக்கிட்டுச் சண்டை போட்டிருக்கேன். அதுவும் செல்வநாயகி குடுத்த ஏசி. ஆத்தாடி. இது அவளுக்குத் தெரிஞ்சா நான் கடலாடியவிட்டே ஓடணும்.

எந்த ஊரு இது? தேனியா? வண்டி நிக்குமா இங்க? அந்தா, பக்கத்துல நிக்கிறது மதுரை வண்டி. அதுல ஏறினா சாயங்காலத்துக்குள்ள ஊருக்குப் போயிரலாம்.

நீ கேக்குறது நியாயந்தான். போர்வைய எடுத்துட்டு மிஷினைப் போட்டுவிட்டா தண்ணி தானாச் சொட்டும். கொடி தழைஞ்சிரும். கைராசியும் வேண்டாம், கம்பமும் வேண்டாம். செல்வநாயகி வாசல்ல போய் நிக்க வேண்டியதும் இல்ல. செடிக்காகத்தான போறேன்னு என் வாயாலதான் சொன்னேன். சரிதான். நீ படிச்ச புள்ள, சரியாத்தான் சொல்றே.

மதுரை வண்டி கிளம்புது பாரு.

போகட்டும். போகட்டும் தாயி. நீ படிச்சிருக்கே, ஆனா குடும்பம் நடத்தத் தெரியல. ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லு. ஏசியப் போடணும்னா உள்ள யாராச்சும் படுத்திருக்க வேண்டாமா? புள்ள பெத்தவ ஒருத்தி படுத்திருக்கணும், பக்கத்துல தொட்டில்ல ஒண்ணு கெடக்கணும். அதுக்குன்னாப் போடலாம், பகலெல்லாம் போடலாம், நான் மெயின் பக்கமே போகமாட்டேன். சும்மா கெடக்குற ரூமுக்கு மிஷினை ஓட்டிட்டுக் கரண்டு பில்லு யாரு கட்டுறது?

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்து. செடிக்குக் காத்தடிக்குது. ஆளில்லாத ரூமுக்கு யாராச்சும் ஏசி போடுவாகளா, நீயே சொல்லு.